சிவப்பு ஒன்று, கருப்பு இரண்டு: எதை எதோடு சேர்ப்பது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா கட்டிய வீட்டில் கூடத்து விளக்கைக் கழற்றினேன். ஒரு சிவப்பு வயர், சேர்த்து முறுக்கிய இரண்டு கருப்பு வயர். புது எல்.இ.டி.யில் பிரவுன், நீலம், பச்சை-மஞ்சள். எதை எதோடு சேர்ப்பது? எலக்ட்ரீஷியன் வீடு முழுக்க வயர் மாற்றணும் என்கிறார்."

முதலில் அந்த இரண்டு கருப்பையும் பிரிக்காதீர்கள். அநேகமாக நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கூடத்துக்கு வந்து அப்படியே அடுத்த அறைக்குப் போகிறது, பிரித்தால் அங்கே விளக்கு எரியாது, உடனே "பார்த்தீங்களா, வயரிங் போச்சு" என்று ஒருவர் வந்து நிற்பார். சிவப்பு, சுவிட்சிலிருந்து வரும் ஃபேஸாக, அதாவது கரண்ட் வரும் வயராக இருக்கும். ஆனால் நிறத்தை நம்பிக் கை வைக்க வேண்டாம். சிவப்புக் கட்டு தீர்ந்தால் கருப்பை இழுத்துவிட்டுப் போன வேலைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

டெஸ்டரை நல்ல பிளக்கில் ஒருமுறை சரிபாருங்கள். மெயினையும், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்து, சிவப்பு முனையும் கருப்பு முனையும் ஒன்றோடொன்று படாமல் விலக்கி வைத்து, மறுபடி போட்டு டெஸ்டரால் மட்டும் தொடுங்கள். சுவிட்ச் போட்டால் சிவப்பில் டெஸ்டர் எரியணும், அணைத்தால் எரியக் கூடாது. கருப்பில் எப்போதுமே எரியக் கூடாது. அணைத்த பிறகும் சிவப்பில் எரிந்தால் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கலாம், அதாவது விளக்கு அணைந்திருந்தாலும் மேலே 230 வோல்ட் நிற்கிறது. அப்படியானால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மெயினை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அது பேட்டரியிலிருந்து அதே சிவப்பு வயருக்கு 230 வோல்ட் அனுப்பும், கூடத்து விளக்கு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இன்வெர்ட்டர் பொத்தானை மட்டும் அணைத்தாலும் போதாது, மெயின் இருந்தால் கரண்ட் அதன் வழியாகவே வரும். இரண்டையும் அணையுங்கள், அப்புறமும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும்.

சரி, சிவப்பை பிரவுனோடும் கருப்பு இரண்டையும் நீலத்தோடும் கனெக்டர் போட்டுச் சேருங்கள், வெறும் டேப் வேண்டாம். பச்சை-மஞ்சள் எர்த்துக்கு மட்டும். எர்த் இல்லையே என்று அதைக் கருப்பில் முறுக்கிவிடுவார்கள், விடாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் விளக்கின் உலோக உடம்பே ஷாக் அடிக்கும். எர்த் இழுக்க வழியில்லை என்றால் இந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எர்த் தேவைப்படாத, இரண்டு வயர் மட்டுமுள்ள பிளாஸ்டிக் உடம்பு விளக்கு வாங்குங்கள்.

வீடு முழுக்க மாற்றச் சொன்னவரிடம், 500 வோல்ட் மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்கு மேல் இருந்தால் இன்சுலேஷன் அந்தச் சோதனையில் தேறிவிட்டது என்று அர்த்தம். பாதிப் பேர் மெக்கரே வைத்திருப்பதில்லை. எத்தனை கட்டு வயர் என்ற கணக்கும் பொள்ளாச்சிக் கடையில் கிடைக்கும் கமிஷனும்தான் மனதில் இருக்கும். வயரிங் வேலை செய்ய அரசு தரும் வயர்மேன் பெர்மிட்டையும் கேளுங்கள். பெர்மிட் உள்ளவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார், வயர் இழுப்பது வேறொருவர், இதை யாரும் வந்து பார்ப்பதும் இல்லை, அதனால் ஏணியில் ஏறப் போகிறவரிடமே கேளுங்கள்.