மறுமொழி: தரம் 11 கணித வீடியோவுக்கு மாதம் 500 ரூபாய் போதுமா?

வணக்கம். உங்கள் கணித வீடியோ பாடங்களுக்கு மாதம் 500 இலங்கை ரூபாய் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. 40 பிள்ளைகள் சேர்ந்தால் 20,000. அதையே 1,000 ஆக்கி 25 பேர் மட்டும் வந்தாலும் 25,000. வட்ஸ்அப்பில் இரவிரவாகச் சந்தேகம் கேட்கிறவர்களும் குறைவு. யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் நேரடி ரியூசனுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதற்குக் கொஞ்சம் கீழே நில்லுங்கள். மிகவும் மலிவாகப் போட்டால் தாய் தகப்பன்மாருக்கே சந்தேகம் வந்துவிடும்.

ரொறன்ரோ, லண்டன் பிள்ளைகளும் கேட்கிறார்கள் என்றீர்கள். அவர்களுக்கு விலையை ரூபாயில் சொல்லவே வேண்டாம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர், அந்த மே மாதமே 350ஐத் தாண்டியது. அப்போது நான் சங்கீத வகுப்புக்கு ரூபாயில் விலை போட்டிருந்தேன்; வெளிநாட்டுக் காசு பாதியாகச் சுருங்கியது.

தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள். ஆகவே வருடச் சந்தா விற்காது. பாடசாலைத் தவணைக்கு ஒரு விலை வையுங்கள், மூன்று மாதத்துக்கு 2,700 மாதிரி. பிறகு கூட்டினாலும் பழைய ஆட்களுக்குப் பழைய விலையே இருக்கட்டும்.

அப்புறம், ஒரு பாஸ்வேர்டில் முழு வகுப்பும் பார்க்கும். அதை முதலில் பூட்டுங்கள்!