வளையல் கழன்றதே, கையைப் பார்த்தீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. ஒரு வருடத்தில் எடை 52 கிலோவிலிருந்து 46 ஆகிவிட்டது. எப்போதும் அசதி என்கிறார். கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். வளையல் அடிக்கடி கழன்று விழுவதால், தொலைந்துவிடப் போகிறதே என்று லாக்கரில் வைத்துவிட்டோம். அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை; என் மனைவிதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். இன்னொரு முழு உடல் செக்கப் எடுக்கலாமா? இல்லை, வயதானால் இப்படித்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: வளையலைப் பத்திரப்படுத்திவிட்டீர்கள். சந்தோஷம். அது கழலும் அளவுக்குக் கை ஏன் இளைத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையா? இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் "ரிப்போர்ட் நார்மல்" என்ற வரி இருக்கும். தம்பி, உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது ரத்தத்தில் மட்டும் தேடினால் அகப்படாது.

முதுமை நலிவு என்று ஒன்று உண்டு. டாக்டர்கள் ஃப்ரெயில்டி என்பார்கள். அதை அளக்க அமெரிக்காவில் லிண்டா ஃப்ரைடு குழுவினர் 2001இல் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: தானாக எடை குறைவது, அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தாலே நலிவு. எடைக்கு அவர்கள் வைத்த எல்லை வருடத்துக்கு 5 சதவீதம். உங்கள் அம்மா 11 சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கிறார். அசதியை அவரே சொல்லிவிட்டார். கோயிலை நிறுத்தியதையும் சேர்த்தால் மூன்றாவதும் வந்துவிட்ட மாதிரிதான்.

மீதியை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் காலில் வலு போதாது. வழக்கமான நடையில் 6 மீட்டர் கடக்க 6 நொடிக்கு மேல் ஆனாலும் அப்படித்தான். கைப்பிடியை அளக்கக் கருவி இருக்கிறது. ஆசியப் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு.

வயதானால் இப்படித்தானா என்கிறீர்கள். இல்லை. இந்த வயதிலும் மாடிப்படி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். நலிந்த உடம்புக்குச் சாதாரண சிறுநீர்த் தொற்றே போதும், படுக்கையில் தள்ளிவிடும். விழுந்தால் இடுப்பெலும்பு உடையும். ஆஸ்பத்திரியில் குழப்பம் வந்து பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போகும். வீடு திரும்பினாலும் பலர் பழைய நிலைக்கு வருவதில்லை. ஆரம்பத்திலேயே பிடித்தால் கணிசமாக மீட்கலாம்.

அதனால் பேக்கேஜ் செக்கப் வேண்டாம். முதியோர் மருத்துவரிடம் போங்கள்; சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று தனித்துறையே உண்டு, உங்கள் ஊர்ப்பக்கமும் விசாரியுங்கள். எடை தானாக இறங்கினால் காரணம் தேடியே ஆகவேண்டும்: தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, ஆடுகிற பல்செட், பசியைக் கெடுக்கும் சர்க்கரை மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அப்புறம் சாப்பாடு. இவ்வளவு எழுதிய நீங்கள், அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 46 கிலோ உடம்புக்குத் தினமும் 46 முதல் 55 கிராம் புரதம் வேண்டும். ரசம் சாதமும் இரண்டு இட்லியும் அதில் பாதிக்குக்கூட வராது. முட்டை, சுண்டல், தயிர், மீன், எது பழக்கமோ அதைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

வேலை செய்ய விடுவதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது கவனிப்பு இல்லை. உட்கார வைத்தே தசையைக் கரைக்கிறீர்கள். கீரை ஆயட்டும், துணி மடிக்கட்டும், வாசல் வரை நடக்கட்டும்.

மனைவி பார்த்துக்கொள்கிறாள் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அந்தப் பெண் செய்வது பெரிய மனது. கடமை உங்களுடையது. இந்தப் பதிலைப் படித்துக் காட்டி இதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். டாக்டர் சரி என்றதும், நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் மாலையில் அம்மாவோடு நீங்களே செய்யுங்கள். ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், டிவியை அணைத்துவிட்டு.