அக்ரிலிக்கில் ஓட்டை: மெஷினை விடுங்கள், பிட்டைப் பாருங்கள்

கேள்வி: வில்லியனூரில் சுடுமண் பொம்மைகள் செய்கிறோம். வெளியூர் ஆர்டர் கொடுப்பவர்கள் பொம்மையோடு கண்ணாடிப் பெட்டியும் கேட்கிறார்கள். நிஜக் கண்ணாடி கனம், வழியில் உடையும் என்று 3 எம்எம், 5 எம்எம் அக்ரிலிக் ஷீட் வாங்கினேன். வீட்டு டிரில்லிங் மெஷினில் 6 எம்எம் ஓட்டை போட்டால், பிட் மறுபக்கம் வெளியே வரும்போது நட்சத்திரம் மாதிரி விரிசல் விடுகிறது. ஜிக்சாவில் அறுத்தால், பிளேடு தாண்டிப் போனதுமே வெட்டு திரும்ப ஒட்டிக்கொள்கிறது. நான் வாங்கியது மட்டமான சரக்கா? இதற்கென்று என்ன மெஷின் வாங்க வேண்டும்?

பதில்: மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் இரண்டுமே போதும். மாற்ற வேண்டியது பிட்டையும் பிளேடையும்தான்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வீட்டு டிரில்லிங் மெஷின்களில் பெரும்பாலும் சுத்தியல் படம் போட்ட ஒரு சின்ன விசை இருக்கும். சுவரில் ஆணியடிக்க ஓட்டை போட்டபோது அதைத் தள்ளி வைத்திருப்பீர்கள், அப்படியே மறந்திருப்பீர்கள். சுத்தியல் ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல பிட் போட்டாலும் அக்ரிலிக் தெறிக்கத்தான் செய்யும். விசையை வெறும் டிரில் படத்துக்கு மாற்றுங்கள். சுவர் பிட் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். அது சிமெண்டை இடித்துப் பொடியாக்கும் சாமான், வெட்டும் சாமான் இல்லை.

சரக்கைச் சந்தேகப்படவும் வேண்டாம். 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்த செயற்கை லென்ஸ் இதே அக்ரிலிக்தான். போர் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் தைத்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே ஒரு சோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள்: ஓரத் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி வளைத்துப் பாருங்கள். படக்கென்று உடைந்தால் அக்ரிலிக். உடையாமல் மடிந்துகொண்டே போனால் அது பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக். அதற்கு வேறு பக்குவம்.

இப்போது அந்த நட்சத்திர விரிசல். கடையில் வாங்கும் இரும்பு பிட்டின் வெட்டும் விளிம்பு கொக்கி மாதிரி உள்வாங்கி இருக்கும். இரும்பை வழித்தெடுக்க அந்தக் கொக்கி வேண்டும். அக்ரிலிக்கில் அதே கொக்கி திருகாணி போல ஷீட்டைத் தன் பக்கம் இழுக்கும். அடியில் அரை எம்எம் மிச்சமிருக்கும்போது பிட் வெட்டுவதை விட்டுவிட்டுத் தாவும். விரிசல் விழுவது அந்தத் தாவலில்தான். அழுத்தியதால் உடைந்தது என்று நாம் நினைக்கிறோம். பாதி உண்மைதான் அது.

இதற்கு மருந்து உங்கள் ஊர் லேத் பட்டறையிலேயே இருக்கிறது. பித்தளையும் பிட்டை இப்படித்தான் இழுக்கும். அதனால் பழைய டர்னர்கள் பித்தளைக்கென்று பிட்டின் கொக்கியைக் கொன்றுவிடுவார்கள். வெட்டும் விளிம்பின் முன்முகத்தை எண்ணெய்க் கல்லில் பிட்டின் நீளவாக்குக்கு இணையாகப் பிடித்து நாலைந்து இழுப்பு. நூலிழை அகலத்துக்கு ஒரு தட்டையான பட்டை விழும், அவ்வளவுதான். இரண்டு விளிம்பிலும் ஒரே அளவாக விழ வேண்டும். அக்ரிலிக்குக்கு இன்னொன்றும் கேளுங்கள்: சாதாரண பிட்டின் மூக்கு 118 டிகிரி, அதை 60 முதல் 90 டிகிரிக்குள் கூராக்கித் தரச் சொல்லுங்கள். கூர்மூக்கு பிட் ஒரேயடியாக வெளியே வராது. சின்னத் துளையாக எட்டிப் பார்த்து மெதுவாகப் பெரிதாகும். இப்படித் தீட்டிய பிட்டில் சிவப்பு பெயிண்ட் வைத்துத் தனியாகப் போடுங்கள். யாராவது எடுத்து இரும்பில் போட்டால் ‘பிட் வெட்டவே மாட்டேங்குது’ என்று உங்களிடமே வந்து நிற்பார்கள்.

தீட்டுவதெல்லாம் ஆகாது என்றால் ஸ்டெப் பிட் வாங்குங்கள், படிப்படியாக அகலும் கூம்பு வடிவப் பிட். அதன் விளிம்பு ஷீட்டை இழுப்பதில்லை. 3 எம்எம் ஷீட்டுக்கு என் முதல் தேர்வே அதுதான். 5 எம்எம் ஷீட்டில் படியின் உயரம் போதாமல் போகலாம். அப்போது நடுவில் சின்னத் துளை ஒன்று போட்டுவிட்டு இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி இறக்குங்கள்.

ஓட்டை போடும் முறைக்கு வருவோம். ஷீட்டின் அடியில் வீணான பிளைவுட் துண்டு ஒன்று இடைவெளியே இல்லாமல் ஒட்டி இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போடுங்கள். கையால் பிடித்தால் பிட் மாட்டும்போது ஷீட் காற்றாடியாகச் சுற்றி விரலைப் பதம் பார்க்கும். ஷீட்டின் மேல் தாளை உரிக்காதீர்கள். 6 எம்எம் ஓட்டைக்கு நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று வரை சரியாக இருக்கும். வீட்டு மெஷினில் பாதி ட்ரிக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை பெரிதாகப் பெரிதாக வேகத்தை இன்னும் குறையுங்கள். முடியும் தறுவாயில் கையை லேசாக்குங்கள்.

வேலை சரியாகப் போகிறதா என்பதைச் சுருள் சொல்லும். பிட்டின் இரண்டு பள்ளத்திலிருந்தும் ரிப்பன் மாதிரி சுருள் வந்தால் நல்லது. வெறும் பொடி வந்தால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது நீங்கள் போதிய அழுத்தம் கொடுக்காமல் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பிட்டில் பிசின் மாதிரி கட்டி ஒட்டினால் சூடு ஏறிவிட்டது; வெளியே எடுத்து ஆறவிட்டுத் தொடருங்கள்.

இந்தச் சூடுதான் உங்கள் ஜிக்சா தொல்லைக்கும் காரணம். அக்ரிலிக் சுமார் 100 டிகிரியில் இளகிவிடும். இரும்பில் அறுத்தால் சூடு தகடு முழுக்கப் பரவிப் போய்விடும். அக்ரிலிக் சூட்டைக் கடத்தாது, பிளேடு தொட்ட இடத்திலேயே தேக்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் வெட்டு இளகி, பிளேடு போனதும் திரும்ப ஒட்டுகிறது. பல் பொடியாக இருந்தால் நல்லது என்று நினைத்து ரொம்பச் சின்னப் பல் பிளேடு போட்டிருப்பீர்கள் என்று யூகிக்கிறேன். பொடிப் பல்லில் தூள் வெளியேற வழி இல்லை. அதுவே உருகிப் பசையாகிறது. மரத்துக்கான முரட்டுப் பல் ஓரத்தைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். அங்குலத்துக்கு 10 முதல் 14 பல் உள்ள, பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிளேடு கேளுங்கள். மெஷினில் பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் குமிழ் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். வேகத்தைக் குறைத்து, நிற்காமல் ஒரே சீராகத் தள்ளுங்கள். வெட்டுக்கு இரண்டு பக்கமும் ரீப்பர் கொடுத்துத் தாங்குங்கள், ஷீட் அதிரவே கூடாது.

ஆனால் உங்கள் பெட்டிக்கு வேண்டியது எல்லாம் நேர்வெட்டு. 3 எம்எம் ஷீட்டில் நேர்வெட்டுக்கு ஜிக்சாவே வேண்டாம் என்பேன். அக்ரிலிக் கட்டர் என்று கொக்கி மூக்குக் கத்தி கிடைக்கும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரே கோட்டில் பத்துப் பன்னிரண்டு முறை இழுங்கள். மூன்றில் ஒரு பங்கு ஆழம் போக வேண்டும். கோட்டை மேஜை விளிம்பில் வைத்து, தயங்காமல் ஒரே அழுத்து. தயங்கினால் கோணலாக உடையும். இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான பட்டைகள் இப்படி ஒழுங்காக உடையாது. அவற்றையும் 5 எம்எம் ஷீட்டையும் ரம்பத்துக்கே விட்டுவிடுங்கள். ஆங்கிள் கிரைண்டரைத் தொடாதீர்கள். அது அக்ரிலிக்கை உருக்கும், வெட்டாது.

மாதம் ஐம்பது பெட்டி என்று ஆர்டர் வந்தால் லேசர் மெஷின் வைத்திருக்கும் போர்டு கடையில் கொடுத்துவிடுங்கள். ஓரம் பளபளவென்று வரும், ஓட்டையும் அதிலேயே விழுந்துவிடும். ஒரு சிக்கல் உண்டு. லேசர் வெட்டிய ஓரத்துக்குள் சூட்டின் இழுவிசை தங்கிவிடும். அதில் அக்ரிலிக் ஒட்டப் பயன்படும் குளோரோஃபார்ம், தின்னர், ஸ்பிரிட் எது பட்டாலும் முடி முடியாக விரிசல் ஓடும். தொழில் தொடங்கிய காலத்தில், டெலிவரிக்கு முந்தின இரவு ஒரு பெட்டியைப் பசைக் கறை போகட்டும் என்று நான் தின்னர் போட்டுத் துடைத்தேன். காலையில் நான்கு ஓரமும் சிலந்தி வலை. அந்தப் பெட்டியில் இப்போது எங்கள் வீட்டு ஸ்குரூக்கள் கிடக்கின்றன. ஆகவே ஒட்டப்போகும் ஓரங்களை ரம்பத்தில் அறுத்து, வாட்டர் பேப்பரில் 220, 400, 600 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். வெளியே தெரியும் ஓரங்கள் லேசரில் இருக்கட்டும். குளோரோஃபார்ம் கொண்டு ஒட்டும்போது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

ஓட்டை எங்கே போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பாதிப் பெட்டிகள் பிறகு விரிசல் விடுவது இதனால்தான். 6 எம்எம் ஓட்டைக்கும் ஷீட் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது 12 எம்எம் விடுங்கள். ஸ்குரூ 4 எம்எம் என்றால் ஓட்டை 6 எம்எம் இருக்கட்டும். 60 செ.மீ. நீள ஷீட், 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 0.8 எம்எம் நீளும். பீச் ரோட்டில் வெயிலில் வைத்த பெட்டிக்கு அது சாதாரணம். நீள இடமில்லாவிட்டால் ஸ்குரூ பிடித்திருக்கும் இடத்தில் உடையும். தலை பதியும் ஸ்குரூ வேண்டாம், ஆப்பு போல ஓட்டையைப் பிளந்துவிடும். தலையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் ஸ்குரூ, அடியில் ரப்பர் வாஷர், கையால் முடுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கம்.

மேல் தாளை உரிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். உரித்த பிறகு உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க அக்ரிலிக் தூசியை இழுக்கும், உங்கள் பட்டறையில் பறப்பது சுட்ட மண் தூசி. ஒரே துடைப்பில் கீறல் விழும். சோப்புத் தண்ணீரை ஊற்றித் தூசியை வழியவிட்டு, பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள்.