கிருஷ்ணா நதிக்கரையில் வாயி நகரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புனேயிலிருந்து மகாபலேஷ்வர் செல்லும் வழியில் வாயியில் இரண்டு மணி நேரம் செலவிட்டால் போதுமா?

பதில்: போதாது. பெரும்பாலான பயணிகள் கணபதியை வணங்கிவிட்டு உடனே மலையேறிவிடுகின்றனர் என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஓர் இரவு தங்கினால், காலை வெயில் ஏறும் முன்பே படித்துறைகளை நடந்து பார்த்துவிட்டு, அருகிலுள்ள மேணவலி கிராமத்துக்கும் நிதானமாகச் சென்றுவர முடியும்.

கேள்வி: டோல்யா கணபதி கோயிலின் பின்சுவர் விசித்திரமான வடிவில் இருக்கிறதே, காரணம் என்ன?

பதில்: கோயில் ஆற்றின் விளிம்பிலேயே அமைந்திருப்பதால், மழைக்காலத்தில் வெள்ளம் நேரடியாக அதன் மீது மோதும். அந்த விசையைப் பிளந்து இருபுறமும் ஒதுக்கிவிடுவதற்காகவே, பின்சுவரைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். 1762ஆம் ஆண்டு ராஸ்தே குடும்பத்தார் எழுப்பிய கோயில் இது. உள்ளிருக்கும் பெருத்த திருமேனியை மட்டும் தரிசித்துவிட்டுத் திரும்பாமல், வெளியே சுற்றி வந்து அந்தச் சுவரையும் அவசியம் பாருங்கள். அருகிலேயே காசி விசுவேசுவரர் கோயிலும் உள்ளது.

கேள்வி: மேணவலியில் ஒரு தேவாலய மணி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்துக் கோயில் படித்துறைக்கு அது எப்படி வந்தது?

பதில்: 1739இல் மராட்டியப் பேரரசின் தலைமை அமைச்சரான பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா தலைமையில் மராட்டியர் போர்த்துக்கீசியரிடமிருந்து வசாயி கோட்டையைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த தேவாலய மணிகள் வெற்றிச் சின்னங்களாக எடுத்துவரப்பட்டு மகாராஷ்டிரத்தின் பல கோயில்களுக்கு வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே மேணவலி மணி. குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளின் உருவத்தையும் 1707 என்ற ஆண்டையும் அதில் காணலாம். பேஷ்வா ஆட்சியின் புகழ்பெற்ற அமைச்சரான நானா பட்னவீஸின் 'வாடா' எனப்படும் மாளிகையும் இதே படித்துறையை ஒட்டி நிற்கிறது. முற்றங்களும் பழைய சுவரோவியங்களும் கொண்ட அந்த வாடாவுக்குள் செல்ல அனுமதி உண்டா என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இந்தப் பகுதி முழுவதிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் மேணவலிதான்.

கேள்வி: எந்த மாதங்களில் செல்லலாம்?

பதில்: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கடுமையாக இருக்கும், படிகளும் வழுக்கும். ஆயினும் 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்ற காஸ் பீடபூமியின் பூக்களைக் காண விரும்புவோர் செப்டம்பரில் வருவதே முறை.

கேள்வி: வயதான பெற்றோருடன் வருகிறோம். மலைமேல் எதைப் பார்க்கலாம்?

பதில்: பசர்ணி மலைப்பாதை வழியாகப் பாஞ்ச்கனியை அடைந்தால், டேபிள் லேண்ட் என்னும் பரந்த செம்பாறைச் சமவெளியைச் சிரமமின்றிப் பார்க்கலாம். பின்னர் பழைய மகாபலேஷ்வரின் பஞ்சகங்கா கோயிலுக்குச் செல்லுங்கள். கிருஷ்ணா உள்ளிட்ட ஐந்து நதிகளின் பிறப்பிடமாகப் போற்றப்படும் அங்கே, கல்லில் செதுக்கிய பசுமுகத்தின் வழியாக நீர் கொட்டுகிறது. தெலுங்கு கங்கைத் திட்டத்தின் மூலம் சென்னைக்குக் குடிநீர் தருவதும் இதே கிருஷ்ணாதான் என்பதால், நம்மவர்கள் அங்கே சற்று நேரம் நிற்பது நியாயமானது. 1659இல் சிவாஜி பிஜாப்பூர் தளபதி அப்சல்கானை எதிர்கொண்ட பிரதாப்கட் கோட்டையில் படிகள் மிகுதி. மூட்டுவலி உள்ளவர்களை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம்.