மாத்திரைக்குப் பயமில்லை, இன்ஹேலருக்குத்தான் பயமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. பீடியால் வந்த சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). டாக்டர் ரோட்டாகேப் (இன்ஹேலரில் போட்டு இழுக்கும் மருந்துப் பொடிக் குப்பி) எழுதிக் கொடுத்தார். ‘அது பழகிவிடும்’ என்று ஒதுக்கிவிட்டு, மெடிக்கலில் கிடைக்கும் சின்ன ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு வருடமாகத் தினமும் போடுகிறார். இப்போது முகம் உப்பி, வயிறு பெருத்து, கைகால் மெலிந்துவிட்டது. லேசாக இடித்தாலே ரத்தம் கட்டுகிறது. இன்றோடு நிறுத்திவிடலாமா? – வாசகி, சேலம்

பதில்: கூடாது. நீங்கள் சொல்லும் எல்லா மாற்றத்துக்கும் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். ஆனாலும் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கிறது. அதே சரக்கு மாத்திரையாக வந்துகொண்டிருந்தால் சுரப்பி தூங்கிப்போகும். மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் போட்டவர் சட்டென்று விட்டால் அசதி, வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நின்றால் தலைசுற்றல் என்று தொடங்கி, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை அட்டையோடு நெஞ்சக மருத்துவரிடம் போங்கள். அட்டை ஏன் என்றால், மில்லிகிராம் எண் ஏமாற்றும். இரண்டுமே ஸ்டீராய்டு மாத்திரைகள்தான், ஆனால் பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. என்பது பிரட்னிசோலோன் ஏறக்குறைய 4 மி.கி.க்குச் சமம். அளவு அதிகமாக இருந்தால் முதலில் ஓரளவு வேகமாகக் குறைப்பார்கள். பிரட்னிசோலோன் 7.5 மி.கி.க்கு வந்தபின் வேகத்தைத் தணிப்பார்கள். அங்கிருந்து இறங்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். சுரப்பி விழித்ததா என்று காலை 8 மணி வாக்கில், அன்றைய மாத்திரைக்கு முன், கார்டிசால் ரத்தப் பரிசோதனை செய்வதுண்டு. இப்படிக் குறைக்கும் காலத்தில் வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் ‘நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.

இன்ஹேலர் கணக்குக்கு வருவோம். புடசோனைட் என்ற இன்ஹேலர் ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம் ரோட்டாகேப் காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் நாளுக்கு 0.4 மி.கி. மூச்சுத்திணறல் முற்றும்போது கொடுக்கும் பிரட்னிசோலோன் 40 மி.கி. இரண்டும் வேறு வேறு மருந்து, நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் உடம்பு முழுக்கப் பரவுவது எது என்று புரியும். இருந்தும் ஊரில் பயம் என்னவோ இன்ஹேலர் மேல்தான்!

ஒன்று மட்டும் கேட்டுத் தெளிவுபெறுங்கள். சி.ஓ.பி.டி.க்கு அடிப்படை மருந்து மூச்சுக்குழாயை விரிக்கும் டியோட்ரோபியம், ஃபார்மோடெரால் போன்றவை. இன்ஹேலர் ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவைப்படாது. அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கு, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு எண்ணிக்கை 300-க்கு மேல் இருந்தால் நல்ல பலன். 100-க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா வரும் வாய்ப்பு மட்டும் கூடும். பீடியை இன்னும் விடவில்லை என்றால் அதையும் அதே டாக்டரிடமே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: திணறல் அதிகமானபோது பிரட்னிசோலோன் 40 மி.கி. ஐந்து நாள் கொடுத்து, குறைக்காமல் நிறுத்தச் சொன்னார்கள். சரியா? – வாசகர், ஈரோடு

பதில்: சரி. ஐந்து நாளில் சுரப்பி தூங்கிவிடாது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள், ராத்திரி போட்டால் தூக்கம் போய்விடும். கூடவே டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குடல்புண். இந்த ஐந்து நாள் கோர்ஸ் வருடத்தில் மூன்று நான்கு முறை வருகிறது என்றால், தினசரி இன்ஹேலரையும் அதை இழுக்கும் முறையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்டீராய்டு எடுக்கிறேன். வெறும் வயிற்றில் சுகர் 104. சாயங்காலம் பார்த்தால் 260. மெஷின் கோளாறா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: மெஷின் மேல் தப்பில்லை. காலையில் போட்ட பிரட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சுகரை ஏற்றும், விடியற்காலைக்குள் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்து எழுதி வையுங்கள். இரவு சுகர் மாத்திரையை நீங்களாகக் கூட்டிக்கொண்டால் விடியற்காலை லோ-சுகர் ஆகிவிடும்.

கேள்வி: ஸ்டீராய்டு இன்ஹேலர் பம்ப் அடிக்க ஆரம்பித்ததிலிருந்து நாக்கில் வெள்ளைப் படலம், குரல் கம்மல். – வாசகி, மதுரை

பதில்: மருந்து நுரையீரலுக்குப் போகாமல் வாயிலும் தொண்டையிலும் படிகிறது. படலம் பூஞ்சைத் தொற்று. அதற்குத் தனி மருந்து உண்டு. பம்பின் முனையில் பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள். பம்பைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, ஒரே ஒரு தடவை அழுத்தி மெதுவாக இழுங்கள். பத்து எண்ணும்வரை அடக்குங்கள். அடுத்த தடவைக்கு அரை நிமிடமாவது இடைவெளி. பிறகு வாய் கொப்பளித்து, தொண்டை வரை காரி, துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மூன்று மாதமாக பிரட்னிசோலோன் 20 மி.கி. தரையிலிருந்து எழ முடியவில்லை. இப்போது இருமலும் கூடியிருக்கிறது. – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தொடைத்தசை கரைந்திருக்கலாம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஐந்து ஐந்தாக, நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்யுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் கேளுங்கள். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் போதும், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. இருக்கிறது. வைட்டமின் டி-யும் வேண்டும். வருடம் ஒருமுறை கண்புரை, கண் அழுத்தச் சோதனை.

இருமலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த அளவு ஸ்டீராய்டு உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடும், காய்ச்சலையும் மறைத்துவிடும். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும், எச்சில் அல்ல.