மிஸ்ட் கோலும் வெட்டு மெசினும்

கேள்வி: ஐயா, மீம் என்பது வெறும் நகைப்படம் இல்லை, மரபணு மாதிரிப் பரவும் கருத்து என்கிறார்களே, வெள்ளாமை வெட்டு மெசின் ஊர் ஊராகப் பரவியதையும் இதை வைத்து விளக்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பாதிதான் விளக்கலாம். 1976இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸ் மீம் என்ற சொல்லை உருவாக்கியபோதே பாட்டு, உடைப் பாணி இவற்றோடு பானை செய்யும் முறையையும் உதாரணமாகச் சேர்த்தார், ஆகவே தொழில்நுட்பம் அதற்குப் புறம்பானதல்ல. மிஸ்ட் கோலை உதாரணமாக எடுங்கள். "ஒரு ரிங் விட்டால் நான் வந்துட்டேன் என்று அர்த்தம்" என்பதை யாரும் விளம்பரம் செய்யவில்லை, ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பழகினார், அவ்வளவுதான். இங்கே மீமியல், அதாவது மீம்கள் பரவுவதை ஆராயும் துறை, அழகாகப் பொருந்துகிறது.

வெட்டு மெசின் அப்படியல்ல. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பக்கத்து வயலில் அது இறங்குவதைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஆசை வரும், சரி, ஆனால் கூலி எவ்வளவு, வெட்டுக்கு ஆள் கிடைக்குமா, வயலுக்குள் மெசின் இறங்க வழி உண்டா, பழுதானால் சாமான் எங்கே வாங்குவது என்பதெல்லாம்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் அயோவாவில் கலப்பினச் சோளம் பரவியதை ஆராய்ந்து சமூகவியலாளர்கள் ரயனும் குரொஸும் 1943இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள்: விதையைப் பற்றி முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள், விதைக்க மனதைத் திருப்பியவர்கள் அயலவர்கள். மீம் என்ற சொல் இல்லாமலே அவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். மீமியலுக்கென்றே 1997இல் தொடங்கிய ஆய்விதழ் 2005இல் நின்றுபோனது, ஏனென்றால் மரபணுவைப் போல மீமை எண்ணவோ அளக்கவோ ஒரு வழி கிடைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.