பார்க்ல கிடைச்ச அம்பு முனையை வச்சுக்கலாமா?

கேள்வி: டென்னசியில ஷைலோ போர்க்கள பார்க்குக்குப் போயிருந்தோம். அங்க பையன் கூரா ஒரு கல்லை எடுத்து பாக்கெட்ல போட்டுட்டான், வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம், அம்பு முனை மாதிரி இருக்கு. 1862-ல அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அங்க நடந்த சண்டையில அம்பு ஏது? இப்ப இதை என்ன பண்றது?

பதில்: சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. அந்த ஏப்ரல்ல ரெண்டு நாள் நடந்த சண்டைக்கு 500 வருஷத்துக்கும் முன்னாடியே அங்க ஆத்தங்கரை மேல ஒரு ஊர் இருந்துச்சு, பூர்வகுடி மக்களோடது, அவங்க எழுப்பின மண் மேடுகள் இன்னிக்கும் இருக்கு. 1894-ல போர்க்களத்துக்காக பார்க் ஆக்கினாங்க, அதுல இந்த ஊரும் சேர்ந்து தப்பிச்சிருச்சு. அந்த இடத்துல ஏர் ஓடவே இல்லை, அதனால இடிஞ்சு விழுந்த களிமண் சுவர் வீடுகள்கூட சின்னச் சின்ன மேடா இப்பவும் கண்ணுக்குத் தெரியுது, இது ரொம்ப அபூர்வம்.

இந்த மாதிரி இடத்துல சர்வே பண்றது, அதாவது மண்ணுக்கடியில பழைய பொருள் எங்கெங்க இருக்குன்னு தேடிப் பார்க்குறது, தலைவலி பிடிச்ச வேலை. துப்பாக்கிக் குண்டு தேட மெட்டல் டிடெக்டர் போதும், ஆனா கல்லுக்கும் பானை ஓட்டுக்கும் அது வாயே திறக்காது. சரி, காந்தப்புல மாற்றத்தை அளந்து சுட்ட மண்ணையும் பழைய அடுப்பையும் காட்டுற மேக்னடோமீட்டரை எடுத்துட்டுப் போனா, சண்டையில சிதறின இரும்புத் துண்டெல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். கடைசியில பழைய வழிதான், சீரான இடைவெளி விட்டு மண்வெட்டியால சின்னச் சின்னக் குழியா போட்டு, மண்ணைச் சலிச்சு, எந்தக் குழியில எத்தனை கல் சில்லு (கல் கருவி செதுக்கும்போது உதிர்ந்த துண்டு) கிடைச்சுதுன்னு எழுதிட்டே போகணும், ஒண்ணுமே கிடைக்காத குழியையும் எழுதணும், ஏன்னா ஊரோட எல்லை எங்க முடியுதுன்னு அந்த வெறுங்குழிதான் சொல்லும். அதனாலதான் பையன் எடுத்த ஒரே ஒரு கல்லுக்கு இவ்வளவு பேசுறேன். கல்லு பெருசில்லை, அது கிடந்த இடம்தான் பெருசு.

தரை மேல கிடக்குற அம்பு முனையை எடுத்தா தப்பில்லைன்னு யாராவது சொல்லுவாங்க, அதுல பாதி உண்மை. அமெரிக்காவோட 1979 தொல்லியல் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி எடுத்தவங்களுக்கு தண்டனை விலக்கு இருக்கு. ஆனா தேசிய பார்க் விதி தனி, அதுல எதையும் எடுத்துட்டு வரக்கூடாது, மெட்டல் டிடெக்டரை கையில வச்சிருக்கவே தடை.

கல்லைக் கழுவாதீங்க. பையன்கிட்ட பொறுமையா கேட்டு எடுத்த இடத்தை மேப்புல குறிங்க, அன்னிக்கு எடுத்த ஃபோட்டோவுல லொகேஷன் பதிவாகியிருந்தா இன்னும் நல்லது. அப்புறம் பார்க் ஆபீசுக்கு போன் போட்டு நடந்ததை அப்படியே சொல்லி எப்படித் திருப்பித் தரணும்னு கேளுங்க. குற்ற உணர்ச்சியில நீங்களே போய் எங்கயாவது போட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க, நாளைக்கு சர்வேக்கு வர்றவங்க அதை நம்பி அங்க குழி தோண்டுவாங்க.